முகாமில் ஒரு பருவம்

சமூகப்பணி பயிலும் காரைக்குடி மாணவர்கள் களப்பயிற்சிக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1984 முதல் இம்மக்களிடையே பணியாற்றிவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளில் ஒரு பருவம் பயில்வது பெரும் பயன் தரும் என்று கருதுகிறேன்.

அங்கே இன்றைய தேவை நிவாரணத்தைவிட ஆவணமே. குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்நாளில் பிறந்தவருக்கோ பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாக வேண்டும். ஒரே நாள் வேறுபாட்டில் அண்ணன் வாக்காளர். பக்கத்து வீட்டுத் தம்பி அந்நியர். முன்னவரின் உரிமையும் பிறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் கைகூடும். மருத்துவமனைப் பதிவையும் பள்ளிப் பதிவேட்டையும் தேடி, விண்ணப்பம் எழுதித்தர மாணவர்களால் முடியும்.

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021-இல் தமிழக அரசு இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் சூட்டியது. பெயர் மாற்றம் குடியுரிமை தராது. சட்டத்தை டெல்லிதான் திருத்த வேண்டும்.

1942-இல் பர்மாவிலிருந்து உயிர்தப்பி வந்தோரை வரவேற்ற மண் செட்டிநாடு. அவர்களுக்குத் திரும்பிவரச் சொந்த ஊர் இருந்தது. முகாமில் பிறந்தவருக்கு இதுதான் சொந்த ஊர்.