பால் பல்லும் அணுகுண்டும்

சென்ற வாரம் ஓசூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய ஆறு வயதுப் பிள்ளைக்கு அன்றுதான் முதல் பால் பல் விழுந்திருந்தது. "சாணியிலே உருட்டிக் கூரை மேலே எறியணும்" என்றாள் பாட்டி. நாலாவது மாடியில் கூரைக்கு எங்கே போவது? சாணிக்குத்தான் எங்கே போவது? கடைசியில் மல்லிகைத் தொட்டியில் புதைத்தார்கள்.

எனக்கோ வேறொரு ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தாய்மார்கள் 1958 முதல், குழந்தைகளுக்கு விழுந்த பற்களை எறியாமல் உறையில் போட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த வேலையை முதலில் முன்னின்று நடத்தியவரும் ஒரு பெண் டாக்டர்தான். 1970க்குள் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பற்கள் சேர்ந்தன!

எதற்காக? அந்நாளில் வல்லரசுகள் அணுகுண்டுகளை வெட்டவெளியில் வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அதிலிருந்து கிளம்பும் ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற நஞ்சு காற்றோடு பறந்து, மழையோடு இறங்கிப் புல்லில் படியும். புல்லைப் பசு தின்னும்; பாலைக் குழந்தை குடிக்கும். சுண்ணாம்புச் சத்தைப் போலவே நடந்துகொள்வதால், எலும்பிலும் பல்லிலும் போய்க் குடியேறிவிடும். குண்டுச் சோதனைகள் பெருகப் பெருக, குழந்தைகளின் பற்களில் அந்த நஞ்சும் பெருகியிருந்ததை விஞ்ஞானிகள் கண்டார்கள். யுத்தம்கூட அல்ல, வெறும் ஒத்திகை! அதற்கே பால் டம்ளர் வரை வந்துவிட்டது வினை.

இதற்கும் ஓசூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று ஜனாதிபதி கென்னடியைப் பார்த்தார். அரசாங்கப் பதவி எதுவும் அப்போது அவரிடம் இல்லை. "அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள்" என்று கேட்கத்தான் அத்தனை தூரம் போனார்.

அவர் போனதால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லமாட்டேன். அமெரிக்கத் தாய்மார்களும் 1961-ல் வீதிக்கு வந்து முழங்கினார்கள். பல குரல்கள் சேர்ந்தன. 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் வெட்டவெளிச் சோதனையைக் கைவிட்டன. பிற்பாடு பிறந்த குழந்தைகளின் பற்களில் நஞ்சு குறைந்தது.

ஆனால், குண்டு வைத்தவர்கள் மறந்தாலும் மண் மறப்பதில்லை. ஸ்ட்ரான்ஷியம் பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் பிடிக்கும். பசிபிக் சமுத்திரத்தில் பிகினித் தீவிலிருந்து 1946-ல் 167 பேரைச் சோதனைக்காக வெளியேற்றினார்கள். பிறகு சிலர் திரும்பிக் குடியேறினார்கள். மண்ணும் விளைபொருளும் ஆகாது என்று 1978-ல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கும் இன்னும் அந்த ஊர் வாய்க்கவில்லை.

நம் நாடும் 1974-லும் 1998-லும் பொக்ரானில் பூமிக்கடியில் குண்டு வெடித்தது. நாட்டைக் காக்க வேண்டும் என்பார்கள், வாஸ்தவந்தான். ஆனால் அந்தக் கணக்கில், குழந்தை குடிக்கும் பாலையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டாமா? அதை எழுதச் சொல்லிக் கேட்க நம்மைவிட உரிமையுள்ளவர்கள் யார்?

இதையெல்லாம் பிள்ளைக்குப் புரிகிறபடி சொன்னேன். "பல் கொடுத்த பசங்களுக்கு என்ன கொடுத்தாங்க, பெரியம்மா?" என்றான். "சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பாட்ஜ்" என்றேன்.

அடுத்த நிமிஷம் மல்லிகைத் தொட்டியைத் தோண்ட ஆரம்பித்துவிட்டான்!