விளக்கைத் திறப்பவர்கள்



ஆங்கிலம் பழகத் தொடங்கிய சீன மாணவரிடம், அறை இருட்டாக இருக்கிறதே என்று சொல்லிப் பாருங்கள். ‘ஓப்பன் த லைட்?’ என்று கேட்டாலும் கேட்பார். விளக்கை எப்படித் திறப்பது என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால், சீனத்தில் கதவைத் திறப்பதற்கும் விளக்கைப் போடுவதற்கும் வினை ஒன்றுதான். நம் காதுக்கு அது ‘கை’ என்று கேட்கும். கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது, தண்ணீர் கொதிப்பது, மருத்துவர் மருந்து எழுதிக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் அதே வினை. அகராதியில் அதற்கு நேராக முதலில் நிற்பதோ ‘ஓப்பன்’!

அந்தச் சொல்லின் பழைய எழுத்துருவில் ஒரு கதவே உண்டு. இரட்டைக் கதவு, நடுவில் தாழ், அதைத் தூக்கும் இரு கைகள். சீனாவில் 1956-இல் வந்த எழுத்து எளிமைத் திட்டத்துக்குப் பிறகு கதவு போய்விட்டது. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்னும் கதவோடுதான் எழுதுகிறார்கள்.

இதே வினையோடு ‘இதயம்’ சேர்ந்தால் சீனத்தில் ‘மகிழ்ச்சி’ என்று பொருள். அதை யாரும் ஆங்கிலத்தில் ‘ஓப்பன் ஹார்ட்’ என்று பெயர்ப்பதில்லை. ‘ஹேப்பி’ என்ற சொல் முதல் பாடத்திலேயே வந்துவிடுகிறது. விளக்கு விஷயத்தில்தான் வழுக்குகிறது. கடினமான சொல் என்றால் அகராதியைப் புரட்டுவார்கள். ‘ஓப்பன்’ தெரிந்த சொல் ஆயிற்றே, அதற்கு யார் புரட்டுவார்?

இதைவிடப் பொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. கடை மூடியிருந்தால் ‘ஈஸ் க்ளோஸ்ட்’. திறந்திருந்தால் வெறும் ‘ஈஸ் ஓப்பன்’. சீன வினைகள் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. அங்கிருந்து வந்தவர் அந்தக் கடைசி ‘ட்’டைப் பாடுபட்டுப் பழகி, ‘ஈஸ் ஓப்பன்ட்’ என்று ஒழுங்காக எழுதுகிறார். ஆசிரியரோ சிவப்பு மையால் அடிக்கிறார்! ‘ஓப்பன்’ வினையாகவும் பெயரடையாகவும் இரட்டை வேடம் போடுகிறது, மூடுவதைக் குறிக்கும் ‘க்ளோஸ்’ அப்படிப் போடுவதில்லை. என்னைக் கேட்டால், இங்கே குற்றவாளி ஆங்கிலம்தான்.

சீனர் மட்டுமா? மலாயிலும் விளக்கைத் திறக்கத்தான் செய்கிறார்கள். கனடாவின் கியூபெக் பிரெஞ்சிலும் அப்படியே. சிங்கப்பூர், மலேசியப் பேச்சு ஆங்கிலத்தில் ‘ஓப்பன் த லைட்’ காதில் விழுந்தால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கற்பிப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். வினையைத் தனியாகக் கொடுக்காதீர்கள். விளக்கோடு ‘டர்ன் ஆன்’, காரோடு ‘டிரைவ்’, கூட்டத்தோடு ‘ஹோல்ட்’ என்று ஜோடியாகவே நோட்டில் ஏறட்டும்.

வெளிநாட்டினருக்குத் தமிழ் சொல்லித்தரும் வாசகர்கள் நம்மிடையே இருப்பீர்கள். டீ போடுவது, கோலம் போடுவது, சண்டை போடுவது, கையெழுத்துப் போடுவது, இத்தனையையும் எந்த வரிசையில் சொல்லித் தருகிறீர்கள்? எழுதி அனுப்புங்கள், வரும் இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்