முறிந்த போல்ட்டும் முழுக்கைச் சட்டையும்

"இந்த ஸ்பேனர் பிடிக்கிற வேலையெல்லாம் நமக்கு ஆகாது, சார்!" என்று நம்மில் படித்தவர்கள் சொல்லும்போது அந்தக் குரலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஏதோ ஒரு பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். 'எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது' என்று எவனாவது இப்படி மார்பை நிமிர்த்திச் சொல்லுவானா? கைக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் எப்படி ஐயா நமக்கு ஓர் அந்தஸ்தாக ஆயிற்று?

இதை நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய கார் உண்டு. எஞ்சினின் ஹெட்டோடு புகைக்குழாயைச் சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று முறிந்துபோயிற்று. தலை தெறித்துவிட்டது, உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞர், பானெட்டைக்கூடத் திறக்காமல், "ஹெட்டையே மாற்றிவிடலாம், சார்" என்றார். சுண்டுவிரல் பருமன் இல்லாத ஓர் இரும்புத் துண்டுக்காக எஞ்சினின் தலையையே வாங்கச் சொல்கிறார்! நான் வீட்டுக்குத் திரும்பி வந்து அதை நானே எடுத்தேன்.

செய்தி பரவியது. ஒரு நண்பர் இதைக் கஞ்சத்தனம் என்றார். இன்னொருவர், "உமக்கு மரை கழன்றுவிட்டது" என்றார். மரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வசவுதான் என்பதால், அதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போல்ட் ஏன் முறிகிறது? ஹெட் அலுமினியம், போல்ட் எஃகு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வண்டி ஓடும்போது சூடு, நின்றால் குளிர்ச்சி. இப்படி ஆயிரக்கணக்கான தடவை விரிந்து சுருங்கி, இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் துருவும் உப்பும் சேர்ந்து, போல்ட் இறுகிப்போகிறது. அப்புறம் பலமெல்லாம் புஜத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிற ஒரு மனிதர் வருகிறார். ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயை மாட்டி இழுக்கிறார். மரை விடவில்லை, போல்ட்டின் இடுப்பு விட்டுவிடுகிறது.

எந்த முரட்டுத்தனத்தால் முறிந்ததோ, அதே முரட்டுத்தனத்தால் அதை எடுக்க முடியாது. இந்த வேலையின் முதல் பாடம் இதுதான். முறிந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், துருவிலே ஊடுருவும் எண்ணெயைவிட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி, ராத்திரி முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் மறுபடியும். பிறகு இடுக்கியால் இறுகப் பிடித்து, கழற்றும் பக்கமாகக் கொஞ்சம், பூட்டும் பக்கமாகக் கொஞ்சம் என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வார்கள். அந்தச் சூட்டில் போல்ட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடி தளரும்.

என்னுடைய போல்ட் ஹெட்டின் முகத்தோடு சமமாக முறிந்திருந்தது. பிடிக்க ஒன்றுமில்லை. புகைக்குழாயைக் கழற்றி, இரண்டு ராத்திரி எண்ணெயில் ஊறவிட்டு, மூன்றாம் நாள் முகத்தை அரத்தால் ராவி, சென்டர் பஞ்சால் நட்ட நடுவில் ஒரு புள்ளி குத்தினேன். மொத்த வேலையும் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. அது விலகினால், டிரில் கெட்டியான எஃகை விட்டு மெத்தென்ற அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடும், மரை நாசம். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 3 மில்லிமீட்டர் துளை, பிறகுதான் பெரியது. அந்தப் பெரிய டிரில் இடப்பக்கம் சுற்றுகிற ஜாதி. போல்ட் கழலுகிற திசையும் அதுவே ஆகையால், சில சமயம் துளைக்கும்போதே துண்டு கூடவே சுழன்று வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

வராவிட்டால் 'ஈஸி அவுட்' என்றொரு கருவி உண்டு. பெயரை நம்பிவிடக் கூடாது. அது மிகக் கெட்டியான எஃகு; முரட்டுத்தனமாகத் திருகினால் துளைக்குள்ளேயே ஒடிந்து உட்கார்ந்துகொள்ளும். சாதாரண டிரில் அதைத் தொடாது. மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கிற பட்டறையைத் தேடிப் போகவேண்டியதுதான். ஆகவே, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிவதும் இந்த வித்தையில் சேர்ந்தது. மரையே கெட்டுவிட்டாலும் குடி முழுகிவிடாது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, சுருள் கம்பியாலான எஃகு மரையை உள்ளே பதித்துவிடலாம். பழைய அலுமினிய மரையைவிட அது உறுதி.

இப்போது சொல்லுங்கள்: இதிலே புத்திக்கு வேலை இல்லாத இடம் எது? வெப்பத்தின் சாஸ்திரம், உலோகத்தின் குணம், பொறுமை, அளவு, எல்லை எல்லாம் இருக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் கிரீஸ் படிந்த பனியனோடு நிற்கிற பையனுக்கு இவையெல்லாம் விரல் நுனியில் தெரியும். நாம் அவனை 'டேய்' என்று கூப்பிடுகிறோம். பானெட்டைத் திறக்காமல் தலையை மாற்றச் சொன்னவரை 'சார்' என்கிறோம். நமது மரியாதை அறிவுக்குக் கிடைக்கிறதா, முழுக்கைச் சட்டைக்குக் கிடைக்கிறதா?

கோயம்புத்தூரிலே ஜி.டி. நாயுடு என்று ஒருவர் இருந்தார் (1893-1974). பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டித்தான் யந்திரத்தைப் படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை விட்டு ஆரம்பித்தார். அவரை 'மேதை' என்று மேடையில் புகழ்கிறோம். அவரைப்போலவே நம் வீட்டுப் பையன் ஸ்பேனரைத் தூக்கினால், "உருப்படுகிற வழியைப் பார்" என்கிறோம்.

"வீட்டிலே நீங்களே செய்துகொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?" என்று தர்மம் பேசுகிறவர்களும் உண்டு. திடீரென்று வந்த இந்தக் கருணையை அவர்கள் கூலி கொடுக்கும்போது காட்டுவதில்லை. "ஒரு போல்ட்டை எடுக்க இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறவன், வாழ்நாளில் ஒரு போல்ட்டையும் எடுத்திராதவன். எடுத்துப் பார்த்தவனுக்கு அந்தக் கூலி குறைவு என்றுதான் தோன்றும்.

"இந்தக் காலத்துக் கார்களில் நாம் கை வைக்க முடியாதே" என்பது அடுத்த கட்சி. முடியாமல் செய்தவர்கள் யார்? உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு, 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்றே ஓர் இணையதளத்தைத் திறந்தது. நல்ல காரியந்தான். ஆனால் கையை உபயோகிக்கவே வெட்கப்படுகிற ஒரு கூட்டத்துக்கு இந்த உரிமையால் என்ன பிரயோஜனம்? ஊமைக்குப் பேச்சுரிமை கொடுத்தாலாவது அவன் எழுதிக் காட்டுவான். நாம் அதற்கும் ஆள் வைப்போம்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். நவராத்திரியில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே நாளில் வருகின்றன. ஒரே பலகையில் புத்தகமும் இருக்கும், சுத்தியலும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே சந்தனம். நாம் அந்த ஒரு நாள் ஸ்பேனரைக் கும்பிட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் அதைப் பிடிக்கிற கையை வாசலிலேயே நிறுத்துகிறோம்.

கருவிக்குப் பொட்டு வைக்கிறவர்கள் அந்தக் கைக்கும் கொஞ்சம் மரியாதை வைக்கலாம். அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது 'டேய்' என்பதை விட்டுவிட்டு, 'வாங்க தம்பி' என்று சொல்லிப் பாருங்கள். அதனால் யாருடைய மரையும் கழன்றுவிடாது.