அத்தையின் அப்பியாசம்

'எக்ஸர்சைஸ்' என்ற ஓர் ஆங்கில வார்த்தை 2024-ஆம் வருஷத் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு சிறு கலகத்தையே மூட்டிவிட்டது. வெறும் வார்த்தைதானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நேயர்கள் அலட்சியமாக நினைத்துவிட வேண்டாம். சரியான வார்த்தை சரியான வேளையில் காதில் விழாவிட்டால் ஒரு கை முடங்கிப் போனாலும் போய்விடும். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

என் அத்தைக்கு அப்போது வயது 76. அப்பாவுக்கு அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். ஜனவரி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பாத்திரம் நழுவியது. வாய் லேசாகக் கோணியது. பக்கவாதம்! ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாமதிக்காமல் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார்கள். பேச்சும் காலும் சில வாரங்களில் ஓரளவு தேறிவிட்டன. வலது கை மட்டும், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையைப் போல மடியிலேயே கிடந்தது.

"மருந்து பாதி, எக்ஸர்சைஸ் பாதி" என்று சொல்லிவிட்டார் டாக்டர். மறுநாளே பிஸியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வயதுப் பெண், சிரித்த முகம்.

"என்னம்மா, எக்ஸர்சைஸ் பண்ணலாமா?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், அத்தை என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, இத்தனை வயசுக்கு மேலே நான் தண்டால் எடுத்து, எந்தப் பயில்வானோடு குஸ்தி போடப் போறேன்?"

"அப்படியில்லை அத்தை, உங்க கைக்காகத்தான்..."

"அம்பது வருஷமா அம்மியும் குடமுமாக் கிடந்தேனே, அதெல்லாம் எக்ஸர்சைஸ் இல்லையா? இனிமே புதுசா என்ன வேண்டியிருக்கு?"

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பெண் சமாதானம் செய்ய வந்தாள். "பாட்டி, எனக்கும்தான் எக்ஸர்சைஸ் கொடுத்திருக்காங்க. பத்துக் கணக்கு போடணும்" என்றாள். "நீ போடு கண்ணு. எனக்குக் கணக்கு முடிஞ்சு போச்சு" என்று சொல்லி அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்த பெண் தர்ம சங்கடத்தோடு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இப்படியே ஒரு வாரம் போயிற்று.

பத்திரிகைக்காரனுக்குக் கவலை வந்தால் வேறு என்ன செய்வான்? அகராதியைப் புரட்டினேன். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர்கள் எத்தனை காரியம் சாதிக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. காலையில் கடற்கரையில் வேகமாக நடந்தால் அது எக்ஸர்சைஸ். பள்ளிக்கூடத்துக் கணக்கும் எக்ஸர்சைஸ். அதைப் போடுகிற நோட்டும் எக்ஸர்சைஸ் நோட்டு. இந்தியக் கடற்படையும் அமெரிக்கக் கடற்படையும் சேர்ந்து 1992-இல் 'மலபார்' என்ற பெயரில் தொடங்கிய கூட்டுப் பயிற்சியும் எக்ஸர்சைஸ்தான். 'ஜாக்கிரதையாக இரு' என்பதற்கு 'ஜாக்கிரதையை எக்ஸர்சைஸ் செய்' என்கிற மாதிரிச் சொல்கிறார்கள். ஒருவர் மனம் குழம்பித் தவித்தால், அந்தத் தவிப்புக்கும் இதே சொல் உண்டு. போதாததற்கு, ஒன்றுக்கும் உதவாத காரியத்தை 'வீண் எக்ஸர்சைஸ்' என்கிறார்கள். எங்கள் ஆசிரியர் என் கட்டுரைகளில் சிலவற்றைப் பற்றி அப்படிச் சொல்வதுண்டு.

இந்தச் சொல்லின் பூர்வீகம் லத்தீன். அதில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு 'வெளியே' என்றும், மற்றொன்றுக்கு 'அடைத்து வைத்தல்' என்றும் பொருள். சேர்த்துப் பார்த்தால், அடைத்து வைத்ததை வெளியே கொண்டுவந்து வேலை வாங்குவது! தொழுவத்து மாடுகளை உழவுக்கு ஓட்டிக்கொண்டு போவதிலிருந்து இந்த அர்த்தம் பிறந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சிலர் கருதுகிறார்கள். ரோமானியர்கள் தங்கள் சேனைக்கு வைத்த பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்; பயிற்சி பெற்ற கூட்டம் என்று பொருள். கிரேக்கர்களுடைய சொல்லோ இதைவிட வேடிக்கை. மல்லர்களின் பயிற்சிக்கு அவர்கள் சொன்ன 'அஸ்கேஸிஸ்' என்ற சொல், பிற்காலத்தில் துறவிகளின் தவத்துக்குப் பெயராகிவிட்டது. கோதாவில் பிறந்த வார்த்தை காஷாயம் வாங்கிக்கொண்டது!

நம் பக்கத்துச் சொற்களும் லேசுப்பட்டவை அல்ல. 'பயில்' என்றால் கற்பது, பழகுவது என்று மட்டும் அல்ல. நெருங்கியிருப்பது என்றும் பழந்தமிழில் பொருள் உண்டு. ஒன்றோடு நெருங்கி நெருங்கிப் பழகுவதே அதைப் பயில்வது! ஆனால் 'பயில்வான்' இதன் பிள்ளை என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். அவர் பாரசீகத்திலிருந்து 'பஹல்வான்' என்ற பெயரோடு வந்து, இங்கே பயில்வான் ஆனவர். வடக்கே தேகப்பயிற்சிக்குச் சொல்லும் 'கஸரத்து' அரபிச் சொல். அங்கே அதற்கு 'மிகுதி' என்று பொருள். அதாவது ஒன்றையே மேலும் மேலும் செய்வது. 'அப்பியாசம்' வடமொழி. அலைகிற மனத்தை அடக்குவதற்குப் பதஞ்சலி முனிவர் சொல்லும் இரண்டு வழிகளில் ஒன்று அப்பியாசம், மற்றது வைராக்கியம். இந்தப் பெரிய சொல்லைத்தான் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் 'அப்பியாசக் கொப்பி' என்று தினமும் பள்ளிக்கூடப் பையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

இவ்வளவையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கூடவே 1953-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றியும் சொன்னேன். ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உட்கார்ந்தே வேலை செய்கிற டிரைவர்களைவிட, நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்குகிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடல் உழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகம் கணக்கெடுத்துப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். மாரிஸே 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் காலமானார்.

"நானும் இந்த வீட்டுக்குக் கண்டக்டர்தானே? நாள் பூரா ஏறி இறங்கினேனே! எனக்கு ஏன் வந்தது?" என்று கேட்டார் அத்தை.

என்னிடம் பதில் இல்லை. கண்டக்டர்களுக்கு நோய் குறைவாக வந்தது என்றுதான் ஆராய்ச்சி சொல்கிறது. வரவே வராது என்று சொல்லவில்லையே. பேச்சை மாற்றுவதற்காக, சங்கீதத்திலும் இந்தச் சொல் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். "சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் இதையெல்லாம் அப்பியாச கானம்னு சொல்லுவாங்களாமே அத்தை?"

அத்தை சட்டென்று என்னைப் பார்த்தார். "ஆமாம். சபையிலே பாடறது சபா கானம். அதுக்கு முன்னாலே வீட்டிலே உட்கார்ந்து பழகறது அப்பியாச கானம். எல்லாம் புரந்தரதாசர் போட்ட பாதைன்னு எங்க வாத்தியார் சொல்லுவார். விடியக்காலையிலே எழுப்பி வீணைக்கு முன்னாலே உட்கார்த்தி வெச்சுடுவார், சாதகம் பண்ணுன்னு."

அத்தை வீணை கற்றார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "எதுவரைக்கும் கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"வர்ணம் வரைக்கும். அதுக்குள்ளே கல்யாணம் ஆயிடுச்சு. அந்த வீட்டிலே வீணை வைக்க இடம் இல்லை" என்றார். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "இந்தப் பொண்ணு என்னைச் சாதகம் பண்ணத்தான் சொல்றாளா? அதை முதல்லேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

மறுநாள் அந்தப் பெண் வந்து ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தபோது, அத்தை வாய்க்குள் ஸ்வரம் சொல்லிக்கொண்டே அதை அழுத்தப் பார்த்தார். 'ஸ'வுக்கு விரல் அசையவில்லை. 'ரி'க்கும் இல்லை. ஆனாலும் முழுச் சரளி வரிசையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பந்தைக் கீழே வைத்தார்.

அத்தையின் வீம்புக்கு வைத்திய சாஸ்திரத்தில் ஒரு விளக்கம் இருப்பதை அந்தப் பெண் எனக்கு எடுத்துச் சொன்னார். பக்கவாதம் வந்த புதிதில் நோயாளி கையை அசைக்க முயல்கிறார், முடிவதில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை தோற்ற பிறகு, எல்லாவற்றுக்கும் நல்ல கையையே நீட்டப் பழகிவிடுகிறார். பல வாரங்கள் கழித்து மூளை ஓரளவு தேறி, கைக்குக் கொஞ்சம் சக்தி திரும்பினாலும், அந்தக் கையை உபயோகிக்க வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. பயன்படுத்தாமல் இருப்பதையே மனிதன் கற்றுக்கொண்டு விடுகிறான்! எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் கண்டறிந்து, இதற்குச் சிகிச்சையும் வகுத்தார். நல்ல கைக்கு உறை மாட்டி அதற்கு வேலையில்லாமல் செய்துவிட்டு, நோயுற்ற கையைக் கொண்டே தினமும் பல மணி நேரம் பழகவைப்பது அந்தச் சிகிச்சை. 2006-இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனை அதனால் பலன் உண்டு என்று காட்டியது. மணிக்கட்டிலும் விரலிலும் கொஞ்சமாவது அசைவு இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். டாக்டரைக் கேட்காமல் யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

மார்ச் மாதத்தில் அத்தையின் விரல்கள் கொஞ்சம் மடங்கத் தொடங்கின. ஒரு நாள் என் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் எக்ஸர்சைஸ் நோட்டிலே கடைசியிலே நாலு பக்கம் எனக்குக் கொடு" என்று கேட்டு வாங்கினார். எதற்கு என்றேன்.

"அடுத்த மாசம் எலக்ஷன் வருதே. கையெழுத்துப் போட வேண்டாமா?"

"கைநாட்டு வெச்சாலும் ஒத்துக்குவாங்க அத்தை."

"என் பேரை நானே எழுதுவேன்" என்றார்.

அந்த வார்த்தை என்னை வெகுதூரம் கொண்டுபோய்விட்டது. நம் தேசத்தின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடந்தது. வாக்காளர் ஜாபிதா தயாரிக்கப் போனவர்களிடம், பல மாகாணங்களில், முக்கியமாக வடக்கே, பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். அன்னியரிடம் பெயர் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்றே எழுதச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென் அதற்கு இணங்கவில்லை. பெயரைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளச் சில இடங்களில் கூடுதல் அவகாசமும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டார்கள். சட்டம் அவர்களுக்கு உரிமையைக் கொடுத்திருந்தது. வழக்கம் அதை நீட்டி வாங்க விடவில்லை. இருந்த கையைப் பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டவர்கள் என்றுதானே அவர்களையும் சொல்ல வேண்டும்?

இங்கேதான் அந்த ஆங்கிலச் சொல்லின் மிக நல்ல பிரயோகம் எனக்கு விளங்கியது. வாக்குரிமையை 'எக்ஸர்சைஸ்' செய்வது என்பார்கள் அவர்கள். நாம் 'பயன்படுத்துவது' என்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. குடையைப் பயன்படுத்துகிறோம், பரணில் போட்டு வைத்தாலும் மழைக்காலத்தில் எடுத்துக்கொள்ளலாம். உரிமை குடையைப் போன்றதல்ல, கையைப் போன்றது. எடுத்து வைத்து அப்புறம் நீட்டலாம் என்றால் நீளாது. சாதகம் செய்து வந்தால்தான் எதுவும் நமக்குச் சாதகமாக இருக்கும்!

2024 ஏப்ரல் 19-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். அத்தையைக் கைத்தாங்கலாக வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனேன். இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அத்தையின் கையைப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு கைநாட்டு மைப்பெட்டியை நகர்த்தினார். அத்தை அதைத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனாவை வாங்கினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. நான்கு எழுத்துப் பெயர்தான். எழுதி முடிக்க வெகு நேரம் பிடித்தது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. பிறகு மறைப்புக்குள் போனார். சற்றுப் பொறுத்து, இயந்திரம் 'பீப்' என்று நீளமாகக் கூவியது. எந்தக் கையால் பொத்தானை அழுத்தினார் என்று நான் கேட்கவில்லை. வெளியே வரும்போது வலது கையை இடது கையால் நீவிக்கொண்டே வந்தார்.

அத்தையின் கை முழுவதும் குணமாகிவிட்டது என்று எழுதி நேயர்களைச் சந்தோஷப்படுத்த எனக்கும் ஆசைதான். ஆனால் ஆகவில்லை. காப்பித் தம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார். சரளி வரிசை மட்டும் தினமும் காலையில் தவறாமல் நடக்கிறது.

அந்தத் தேர்தல் முடிந்த கையோடு, என் பெண்ணின் வகுப்பு ஆசிரியை அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "இது யார் கிறுக்கியது?" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார். என் பெண் அதற்குக் கீழே பதில் எழுதிவிட்டு, என்னிடம் கையெழுத்து வாங்க வந்தாள்.

"கிறுக்கல் இல்லை, டீச்சர். எங்கள் பாட்டியின் எக்ஸர்சைஸ்" என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.