ஐயாயிரம் ரூபாய்த் தேர்தல்

தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வரும் சிற்றூர் மாணவன் கருத்து மோதலை எதிர்பார்க்கிறான். காண்பதோ சுவரொட்டிக் குப்பையை. வேட்பாளர் ரூ. 5,000-க்கு மேல் செலவிடக் கூடாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது என்ற லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-லேயே உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தியது. ஆயினும் 2024-ல், சுவர்கள் தூய்மையாகும் வரை மாணவர் சங்கத் தேர்தல் வாக்குகளை எண்ண தில்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க நேர்ந்தது. செப்டம்பர் 27-ல் பதிவான வாக்குகள் நவம்பர் 25-ல்தான் எண்ணப்பட்டன.

விடுதிப் பற்றாக்குறையைப் பேச வேண்டிய மேடையைப் பணம் பிடித்துக்கொண்டது. அதற்காகத் தேர்தலையே ஒழிப்பது தீர்வாகாது. வரம்பு மீறிச் செலவிட்டவரின் வெற்றி செல்லாது என்று அதே பரிந்துரை கூறுகிறது. புதிய விதி தேவையில்லை. இருக்கும் விதியைச் செயல்படுத்தும் துணிவே நிர்வாகத்துக்குத் தேவை. வளாகத்தில் விதிமீறலுக்குப் பரிசு பெற்றவர், நாளை சட்டமன்றத்தில் மட்டும் விதியை மதிப்பாரா?