கண்ணாடி கொடுத்தால் போதுமா?

வகுப்பில் பின்தங்கும் மாணவரைக் கவனமற்றவர் என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். கரும்பலகை அவருக்குத் தெரிகிறதா என்று கேட்பதில்லை. மங்கலாகவே பார்த்துப் பழகிய குழந்தை அதைக் குறையென்று உணர்வதில்லை. ஆகவே முறையிடுவதும் இல்லை. ஒரு கண் மட்டும் மங்கலானால் மூளை அதைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. 'சோம்பேறிக் கண்' எனப்படும் இக்குறையை ஏழு வயதுக்குள் சீராக்குவது எளிது. காலம் கடந்தால் கடினம்.

சீனாவின் கான்சு மாகாணத்தில் 2004-இல் ஊரகப் பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கி, பொருளியலாளர் பால் கிளூவி உள்ளிட்டோர் ஆராய்ந்தனர். ஓராண்டு கண்ணாடி அணிந்தோரின் கற்றல் முன்னேற்றம், ஏறத்தாழ 0.3 முதல் 0.5 ஆண்டு கூடுதலாகப் படித்ததற்கு இணையாக இருந்தது. ஆயினும், சுமார் 30% பேர் இலவசக் கண்ணாடியையே ஏற்கவில்லை. நமக்கான பாடம் இதுதான்.

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதனை நடைபெறுகிறது. பார்வைத் திருத்தக் கண்ணாடி மீதான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இவை பாராட்டுக்குரியவை. ஆனால், சக மாணவர்களின் கேலியையும், 'கண்ணாடி போட்டால் பார்வை மேலும் கெடும்' என்ற தவறான நம்பிக்கையையும் வரிக்குறைப்பு அகற்றாது.

எனவே, எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதோடு கணக்கு முடியக்கூடாது. ஆறு மாதங்களுக்குப் பிறகு எத்தனை பேர் கண்ணாடி அணிந்து வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே திட்டத்தின் வெற்றிக்கு அளவுகோல். அந்தக் கணக்கை ஒவ்வொரு பள்ளியும் எடுக்க வேண்டும்.