பாராட்டு போதும், பணி நிரந்தரம் எங்கே?

வெண்ணுடைத் தேவதை என்பார்கள்; பொறுமையின் வடிவம் என்பார்கள். அந்த உடைக்குள் ஒரு தொழிலாளி இருப்பதை மட்டும் மறந்துவிடுவார்கள்!

2015-இல் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சேர்ந்தனர். மாதம் 7,700 ரூபாய்; இரண்டாண்டில் நிரந்தரமாவோம் என்ற நம்பிக்கை. ஆண்டுகள் இரண்டு ஓடின. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட நேர்ந்தது.

பணிச்சோர்வு வேலையிடத்து நெருக்கடியின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் கூறிவிட்டது. பின் நர்சுக்கு மனவலிமைப் பாடம் நடத்துவதா பரிகாரம்? இல்லை! போதிய ஆட்கள், நிரந்தர வேலை, முறையான ஓய்வு - இவையே பரிகாரம்.

காக்கும் கை ஓய்ந்தால் நட்டம் யாருக்கு? தர்ம ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஏழைத் தொழிலாளிக்குத்தான். ஆகவே தோழர்களே, அவர்கள் கோரிக்கை நம் கோரிக்கை!